உழவு நின்றால் நிலம் போகும்: பத்தீர் கிராமத்தின் கணக்கு

எருசலேமுக்குத் தென்மேற்கே ஏழெட்டுக் கிலோமீட்டரில், பெத்லகேமுக்கு மேற்கே, ஒரு பள்ளத்தாக்கின் சரிவில் இருக்கிறது பத்தீர். நாலாயிரம், ஐயாயிரம் பேர் வாழும் பாலஸ்தீனக் கிராமம். மேற்குக்கரையில் இதைவிடப் பெரிய ஊர்களும் உண்டு, இதைவிடக் கடுமையாக அடிபட்ட ஊர்களும் ஏராளம். ஆனாலும் அங்கே நிலம் கை மாறுவது எப்படி என்று விளங்கிக்கொள்ள விரும்புகிறவர் பத்தீரைப் பார்ப்பது நல்லது. துப்பாக்கியும் புல்டோசரும் செய்தியில் வந்துவிடும். எந்த வயலில் உழவு நின்றது, எந்தச் சுவர் சரிந்து கிடக்கிறது, யாருடைய தண்ணீர் முறை சும்மா போயிற்று என்பதெல்லாம் செய்தியில் வராது. நிலத்தின் தலையெழுத்தில் பாதி அங்கேதான் எழுதப்படுகிறது.

மலைச்சரிவை வெட்டி, கல்லடுக்கி, மண் நிரப்பி உண்டாக்கிய படிவயல்கள்தான் இந்த ஊர். கீழ்ப்படிகளில் ஊற்றுநீர்ப் பாசனத்தில் காய்கறி. மேலே மழையை மட்டும் நம்பிய ஒலிவமும் திராட்சையும். 2014 ஜூனில் தோஹாவில் கூடிய யுனெஸ்கோ குழு இந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதே நாளில் ‘ஆபத்தில் உள்ளவை’ பட்டியலிலும் போட்டது. சுமார் 349 ஹெக்டேர் மையப்பகுதி, அதைச் சுற்றிச் சுமார் 624 ஹெக்டேர் காப்பு வளையம். ஊரார் பேச்சிலும் ஆவணங்களிலும் ஹெக்டேர் வராது, தூனம்தான் வரும். ஒரு தூனம் 1,000 சதுர மீட்டர். நம் கணக்கில் 25 சென்டுக்குக் கொஞ்சம் குறைவு.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். ஊர் பிறந்ததே ஊற்றால்தான். இங்கே மழை நவம்பர் முதல் மார்ச் வரை, ஆண்டுக்கு ஏறத்தாழ 500 முதல் 600 மில்லிமீட்டர். மே தொடங்கி அக்டோபர் வரை வானத்தில் ஒன்றும் இருக்காது. பெய்த மழை சுண்ணாம்புக்கல் பிளவுகளில் இறங்கி, அடியில் இருக்கும் நீர் புகாத களிக்கல் அடுக்கில் முட்டி, சரிவில் ஊற்றாக வெளிவருகிறது. ஊர் நடுவிலுள்ள பெரிய ஊற்றின் நீர் கல்லில் வெட்டிய வாய்க்கால் வழியே ஒரு பழைய குளத்தில் விழுகிறது. ரோமர் காலத்து வேலைப்பாடு இது. ஊருக்கு மேலே உள்ள குன்றில்தான், ரோமருக்கு எதிராக யூதர்கள் நடத்திய பார் கொக்பா கிளர்ச்சியின் கடைசிக் கோட்டையான பெத்தார் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. கி.பி. 135இல் ரோமர் அதை வீழ்த்தினார்கள். யூதர், பாலஸ்தீனர் இரண்டு தரப்பும் இந்த மலையின் பழமையைப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குளத்து நீரை எட்டுக் குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. குடும்பம் என்றால் வீடு அல்ல, வம்சம். ஒரு வம்சத்துக்கு ஒரு நாள். அதனால் முறை திரும்பி வர எட்டு நாள் ஆகும். பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்று அவர்கள் சொல்வது வேடிக்கைக்காக மட்டும் அல்ல, பாசனம் அந்த நாட்காட்டிப்படிதான் நடக்கிறது. இரவு முழுவதும் ஊற்று குளத்தை நிரப்பும். விடிந்ததும் அளவுக்கோலை உள்ளே இறக்கி நனைந்த உயரத்தைப் பார்ப்பார்கள். அன்றைய முறைக்காரர்களுக்குள் அந்த உயரம் பங்காகும். கோலில் 120 சென்டிமீட்டர் நனைந்திருக்கிறது, உள்ளே மூன்று சமபங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளுக்கு மடை திறந்து, மட்டம் 80க்கு இறங்கியதும் அடைத்து, அடுத்தவர் வாய்க்காலுக்குத் திருப்பிவிட வேண்டும். இடையில் ஊற்று கொண்டுவந்து சேர்ப்பதும் கணக்கில் வரும். சண்டை வந்தால் பெரும்பாலும் அதில்தான் வரும்.

இந்த முறையின் கெட்டிக்காரத்தனம், யாருக்கும் இத்தனை லிட்டர் என்று வாக்குக் கொடுக்காததில் இருக்கிறது. பங்குதான் நிலையானது, அளவு நிலையில்லை. வறண்ட ஆண்டில் 120 என்பது 70 ஆகும், எல்லோர் பங்கும் ஒரே விகிதத்தில் சுருங்கும். ஒருவன் வயல் காய்ந்து இன்னொருவன் வயல் செழிக்கும் வாய்ப்பு இந்த ஏற்பாட்டில் குறைவு. எட்டு நாள் இடைவெளியும் பயிருக்கு ஒத்துவருகிறது. அந்தச் செம்மண் களி கலந்தது, ஒருமுறை நன்றாக நனைத்தால் ஒரு வாரத்துக்கு ஈரம் பிடித்து நிற்கும். பத்தீரின் பேர்பெற்ற கத்தரிக்காய் அந்த மண்ணில் விளைவதுதான். நீண்டு மெலிந்தது, விதை குறைவு, உள்ளே குடைந்து அரிசியும் இறைச்சியும் அடைத்துச் சமைக்கத் தோதான காய். ஊர்ப் பெண்கள் அதை எருசலேம் சந்தைக்குக் கொண்டுபோய் விற்ற காலம் உண்டு. இன்று அந்தச் சந்தைக்குப் போகச் சோதனைச் சாவடி தாண்ட வேண்டும், அனுமதிச்சீட்டு வேண்டும்.

கெடுவது எங்கே? பங்கு வம்சத்துக்கு, வம்சமோ தலைமுறைக்குத் தலைமுறை பெருகுகிறது. தாத்தாவுக்கு இருந்த ஒரு பங்கு பேரன்மார் காலத்தில் பத்துத் துண்டு. ஒரு துண்டு நீர் இரண்டு பாத்திக்குக்கூடப் போதாது. அதனால் பங்காளிகள் முறையை மாற்றிக்கொள்வார்கள், கடன் கொடுப்பார்கள், ஒருவரே சேர்த்து எடுத்துப் பயிர் செய்வார். ஊரில் ஆள் இருக்கும்வரை இது ஓடும். நான்கு பேர் ஜோர்டானின் அம்மான் நகருக்குப் போய், இரண்டு பேர் கட்டட வேலைக்குப் போய்விட்டால், அவர்கள் பங்கை யாரிடம் கேட்டு எடுப்பது என்பதே பிரச்சினை. கழிவுநீர் இன்னொரு பிரச்சினை. ஊருக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழிதான். மழைநீர் இறங்கும் அதே கற்பிளவில் அதுவும் இறங்கும். பாரம்பரியப் பட்டியலின் ஆபத்துப் பிரிவிலிருந்து வெளியே வர யுனெஸ்கோ கேட்டிருக்கும் நிபந்தனைகளில் கழிவுநீர் ஏற்பாடும் ஒன்று. செய்திக்கு இதில் சுவை இல்லை. ஆனால் ஊற்று கெட்டால் வயலும் போயிற்று.

கல்லடுக்கு

படிவயலின் சுவரில் சிமெண்டும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. அதுதான் அதன் பலம். ஜனவரி மழையில் சுவருக்குப் பின்னால் மண் ஊறி, எடை கூடிவிடும். அந்த நீர் கல்லிடுக்கு வழியே கசிந்து வெளியேறினால் சுவர் நிற்கும், தங்கிவிட்டால் தள்ளும். முதலில் சுவரின் நடுவில் வயிறு தள்ளியது போல ஒரு புடைப்பு வரும். அடுத்த மழையிலோ அதற்கடுத்த மழையிலோ சரியும்.

சரிந்ததை எடுத்துக் கட்டும் விதம் இது. இடிந்த இடத்தோடு நிற்காமல், இரண்டு பக்கமும் ஆடாத கல் வரும்வரை பிரித்துவிட வேண்டும். கற்களைப் பெரியது, நடுத்தரம், சில்லு என்று தனித்தனியாகக் குவிக்க வேண்டும். அடிக்கல் பாறைமேல் உட்கார வேண்டும். பாறை தட்டாவிட்டால் ஒரு சாண், ஒன்றரைச் சாண் தோண்டிக் கெட்டி மண்ணில் வைக்கலாம். அடிப்பகுதியின் அகலம் உயரத்தில் ஏறக்குறையப் பாதி. மேலே போகப் போகச் சுவர் மலைப்பக்கம் சாய வேண்டும், மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில். கீழ்வரிசையின் இணைப்புக்கு நேர்மேலே மேல்வரிசையின் இணைப்பு வரக் கூடாது. நீளக் கல் கிடைத்தால் அழகுக்காக முகப்பில் படுக்கப்போடத் தோன்றும். போடக் கூடாது. நீளவாக்கில் உள்ளே செருக வேண்டும், முகப்பையும் பின்பக்கத்தையும் கவ்விப் பிடிப்பது அதுதான். பின்னால் மண்ணை நேராகக் கொட்டாமல், ஒரு முழ அகலத்துக்குச் சில்லும் சரளையும் நிரப்பி, அதற்கும் பின்னால்தான் மண். கைதேர்ந்தவர் ஒரு நாளில் இரண்டு, மூன்று சதுர மீட்டர் சுவர் எழுப்புவார். கல் பொறுக்கவும் எடுத்துக் கொடுக்கவும் கூட ஒரு ஆள் வேண்டும்.

அவசரத்துக்குச் சிமெண்ட் பூசிவிடுகிறவர்கள் உண்டு. பூசிய இடம் நிற்கும், அதற்குப் பக்கத்துச் சுவர் விழும். அடைபட்ட நீர் வேறு வழி தேடிப் போகிறது, அவ்வளவுதான். வெளியாட்கள் நடத்தும் சீரமைப்புத் திட்டங்களிலும் இந்தத் தப்பு நடக்கிறது. படம் எடுக்க எடுப்பாக இருப்பது முகப்புதானே.

ஒரு படி சரிந்தால் அதன் மண்ணும் கல்லும் கீழ்ப்படியில் குவியும். கீழ்ச்சுவர் தன் எடையோடு அதையும் சுமக்க வேண்டும். மேலே இருப்பவன் ஐந்து வருஷம் எட்டிப்பார்க்காவிட்டால் கீழே இருப்பவனின் ஒலிவமரம் கவிழும். பத்தீரில் தரிசு தனியாள் விவகாரம் ஆகாததற்கு இது மண் சொல்லும் காரணம். சட்டம் சொல்லும் காரணம் வேறு. அது பின்னால் வருகிறது.

ஊரின் நடுவே ஓடும் கோடு

1892 செப்டம்பரில் யாஃபா–எருசலேம் ரயில்பாதை திறந்தது. பள்ளத்தாக்கின் அடியில், பத்தீர் வயல்களுக்கு ஊடே அது போனது. ஊருக்கென்று ஒரு நிலையமும் இருந்தது. இஸ்ரேல் உருவானதை ஒட்டி மூண்ட 1948 போரில் ஊரார் பெரும்பாலோர் வெளியேறினார்கள். அப்போது ஹசன் முஸ்தஃபா என்பவர் ஒரு சிலரோடு ஊரிலேயே தங்கி, ஆளில்லா வீடுகளில் இரவில் விளக்கேற்றியும் துணி உலர்த்தியும், ஊர் காலியாகவில்லை என்று இஸ்ரேலியத் தரப்பை நம்பவைத்தார் என்று பத்தீரில் சொல்கிறார்கள். ஊர் தப்பித்தது. பக்கத்து ஊர்கள் பல தப்பவில்லை.

1949 ஏப்ரல் 3 அன்று ரோட்ஸ் தீவில் இஸ்ரேலும், மேற்குக்கரையைக் கையில் வைத்திருந்த ஜோர்டானும் போர்நிறுத்த உடன்படிக்கை செய்துகொண்டன. ரயில் ஓடுவது இஸ்ரேலுக்கு முக்கியம், பாதையோ பத்தீரை ஒட்டிப் போகிறது. பேசி முடிந்த ஏற்பாடு இது: தண்டவாளம் இஸ்ரேல் வசம், போர்நிறுத்தக் கோட்டுக்கு அப்பால், இஸ்ரேல் பக்கம் போய்விட்ட வயல்களை ஊரார் தொடர்ந்து பயிர் செய்யலாம், பதிலுக்கு ரயிலுக்கு எந்தத் தீங்கும் வராமல் ஊர் பார்த்துக்கொள்ள வேண்டும். நாடுகளுக்கு இடையிலான உடன்படிக்கையின் ஒரு பகுதியை ஒரு கிராமம் தன் நடத்தையால் தாங்கிப் பிடித்தது என்று சொல்லலாம். வேலியோ சுவரோ இல்லாமல், கோட்டுக்கு அப்பாலுள்ள வயலுக்குத் தண்டவாளத்தைத் தாண்டிப் போய் உழுதுவிட்டு வந்திருக்கிறார்கள். 1967க்குப் பிறகு மேற்குக்கரை முழுவதும் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பில் வந்த பின்னும் அது நீடித்தது.

2002இல் இஸ்ரேல் மேற்குக்கரைத் தடுப்புச்சுவர் வேலையைத் தொடங்கியது. பத்தீரில் அதன் தடம் ரயில்பாதையை ஒட்டி வரையப்பட்டது. ‘சுவர்’ என்றதும் கான்கிரீட் பலகையைத்தான் நினைப்போம். கிராமப்புறங்களில் பெரும்பாலும் அது உணர்கருவி பூட்டிய வேலி, இருபுறமும் ரோந்துச் சாலை, அகழி, சுருள்முள்கம்பி, கால்தடம் பதியும் மணல்பட்டை எல்லாம் சேர்ந்து ஐம்பது மீட்டர் அகலத்துக்குப் போகும் ஒரு பட்டை. சரிவில் அப்படி ஒரு பட்டையை வெட்டினால் அத்தனை படிவரிசையும் வாய்க்காலும் அங்கே அறுந்துவிடும். மேலிருந்து இறங்கும் மழைநீர் சாலை விளிம்பில் கூடி ஒரே இடத்தில் கொட்டும். கீழே இருக்கும் கல்லடுக்கு அதற்குத் தாங்காது.

வேலி வந்த பிற ஊர்களில் நடந்ததைப் பார்த்தால் மீதி புரியும். வயலுக்குப் போக விவசாய வாயில் என்று ஒன்று வைப்பார்கள். பல வாயில்கள் ஒலிவ அறுவடைக்காலத்தில் மட்டும் சில நாள் திறக்கும். அனுமதி நில உரிமையாளர் பெயரில் வரும், கூலியாளுக்கோ மருமகனுக்கோ கிடைப்பது கஷ்டம். ஒலிவம் அறுவடைக்கு மட்டும் ஆள் கேட்கும் மரம் அல்ல. முதல் மழை விழுந்ததும் ஓர் உழவு, மார்ச், ஏப்ரலில் களை கொல்லவும் ஈரத்தைப் பூட்டவும் இன்னோர் உழவு, குளிர்காலக் கடைசியில் கவாத்து, அடிமரத்தில் முளைக்கும் போத்துகளை ஒடிப்பது, கோடையில் காய்ந்த புல்லைத் தீ பிடிக்கும் முன் அகற்றுவது என்று ஆண்டு முழுக்க வேலை. படிகள் சில மீட்டர் அகலமே, டிராக்டர் ஏறாது. கழுதையோ கோவேறு கழுதையோ கட்டிய ஏர்தான். அந்தக் கழுதையும் வாயிலைக் கடக்க வேண்டும்.

பறித்த பிறகும் அவசரம்தான். ஒலிவம் ஒரு வருஷம் அள்ளிக் கொடுக்கும், மறு வருஷம் கையை விரிக்கும். அள்ளிக் கொடுக்கும் வருஷத்து அக்டோபரில் இரண்டு வாரம் வயலுக்குப் போக முடியாவிட்டால் இரண்டு வருஷ வருமானம் போனது போல. ஒரு கிலோ எண்ணெய்க்கு நான்கு முதல் ஆறு கிலோ காய் தேவை. ஒன்றிரண்டு நாளுக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும். மூட்டையில் கட்டி வாயில் திறக்கக் காத்திருந்தால் காய் உள்ளே வெந்து, எண்ணெயில் அமிலம் ஏறும். முதல் தர எண்ணெய்க்கு அமிலம் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விலை விழுந்துவிடும்.

பத்தீரார் இஸ்ரேலிய நீதிமன்றம் போனார்கள். இரு தரப்புச் சூழலியல் ஆர்வலர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2012இல் இஸ்ரேலின் இயற்கை மற்றும் பூங்காக்கள் ஆணையமே, இந்த இடத்தில் தடுப்பு கட்டுவது நிலப்பரப்பைச் சிதைக்கும் என்ற நிலைப்பாட்டுக்கு வந்தது. ஓர் அரசு அமைப்பு இராணுவத்தின் திட்டத்துக்கு எதிராகப் பேசியது அபூர்வம். அதற்கு முன்பே, 2011இல், நிலப்பரப்பைப் பாதுகாத்ததற்கான யுனெஸ்கோவின் மெலினா மெர்கூரி பரிசு பத்தீருக்குக் கிடைத்திருந்தது. 2015 ஜனவரியில் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் விவகாரத்தை நிறுத்திவைத்தது. அரசு இப்போதைக்கு அங்கே கட்டப்போவதில்லை என்பதால் தீர்ப்புக்கு அவசியம் இல்லை என்ற கணக்கு. கட்டக் கூடாது என்று தீர்ப்பாகவில்லை. இந்த வித்தியாசத்தைப் பல செய்திகள் கோட்டைவிட்டன.

1858ஆம் ஆண்டுச் சட்டம்

சுவர் வராததால் நிலம் தப்பியது என்று எண்ணிவிடக் கூடாது. மேற்குக்கரையில் நிலம் போன வழிகளில் சுவர் ஒன்று. அதைவிடப் பழைய வழி ஒட்டோமான் பேரரசின் 1858ஆம் ஆண்டு நிலச்சட்டம். அதன்படி ஊருக்கு வெளியே இருக்கும் சாகுபடி நிலம் பெரும்பாலும் ‘மிரி’ வகை. இறுதி உரிமை அரசுடையது, பயிரிடுகிறவனுக்கு அனுபவ உரிமை. பத்து ஆண்டு தொடர்ந்து பயிரிட்டால் அவன் உரிமை உறுதியாகும். தக்க காரணமின்றி மூன்று ஆண்டு தரிசாக விட்டால் நிலம் அரசுக்குத் திரும்பலாம். நிலத்தைத் தரிசு போடாமல் வரி வசூலிக்க சுல்தான் அரசு எழுதிய விதி. எழுதியவர்கள் எதிர்பாராத வேலைக்கு அது பின்னால் பயன்பட்டது.

பட்டா இருந்தால் இவ்வளவு சிக்கல் இல்லை. ஜோர்டான் ஆட்சியில் நில அளவையும் உரிமைப் பதிவும் நடந்துகொண்டிருந்தன. 1967க்குள் மேற்குக்கரையின் சுமார் மூன்றில் ஒரு பகுதிதான் முடிந்திருந்தது. 1968இல் இராணுவ உத்தரவு ஒன்று அந்த வேலையை நிறுத்தியது. மிச்ச இடங்களில் உரிமைக்கு ஆதாரம் என்றால் பழைய வரி ரசீது, பாகப்பிரிவினைப் பத்திரம், கூடவே நிலத்தில் நடக்கும் உழவு. 1979இல் ஏலோன் மோரே வழக்கில், பாதுகாப்பு என்று சொல்லித் தனியார் நிலத்தை எடுத்து அங்கே யூதக் குடியேற்றம் அமைத்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதன்பின் அரசு ‘அரசு நிலம்’ என்று அறிவிக்கும் வழிக்கு மாறியது. இப்போது சாட்சி சொல்வது வான்படம். எந்த ஆண்டுப் படத்தில் துண்டு பச்சையாக, கோடு கோடாக உழுதிருக்கிறது, எந்த ஆண்டில் முள்செடி மண்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். நம்மூர் அடங்கல் கணக்கை வானத்திலிருந்து எழுதினால் அப்படித்தான் இருக்கும். பாறைக்கு நடுவே ஆங்காங்கே உழுதிருந்தால் முழுத் துண்டும் சாகுபடி என்று ஏற்பதில்லை.

கல்லடுக்கின் சட்டப் பெறுமானம் இங்கே தெரிகிறது. சுவர் எழுப்பும்போது வயலில் கிடந்த கல்லெல்லாம் ஓரத்துக்குப் போய்விடுகிறது. துண்டு முழுவதும் உழத்தக்கதாகிறது. மேலிருந்து எடுத்த படத்தில் படிவரிசை போலத் தெளிவாகத் தெரிவது வேறில்லை. டன் கணக்கில் கல்லைத் தூக்கி வைப்பது கூலிக்கணக்கில் நஷ்டம்தான், கத்தரிக்காய் விற்று அந்தக் காசை எடுக்க முடியாது. வழக்குச் செலவாக அதைப் பார்க்கிறவருக்குத்தான் கட்டுபடியாகும்.

இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் செய்துகொண்ட 1995 ஒப்பந்தப்படி மேற்குக்கரை ஏ, பி, சி என்று பிரிந்தபோது பத்தீரின் வீடுகள் பெரும்பாலும், பாலஸ்தீனச் சிவில் நிர்வாகம் நடக்கும் பி பகுதியில் விழுந்தன. நிலத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு சி பகுதி. அங்கே கிணறு வெட்ட, தொட்டி கட்ட, பாதை போட, ஏர் வைக்க ஒரு கொட்டகை போட எல்லாவற்றுக்கும் இஸ்ரேலிய நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அது கிடைப்பது அரிது. அனுமதியில்லாமல் கட்டினால் இடிப்பு உத்தரவு வரும். அதனால் வயல் வீட்டுக்கு எட்டத்தில், பாதை இல்லாமல், தொட்டி இல்லாமல் கிடக்கிறது. முதலில் கைவிடப்படுவது அதுதான். சட்டம் தரிசைத் தண்டிக்கிறது, அனுமதி முறை தரிசை வளர்க்கிறது. இரண்டும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன.

பாரம்பரிய எல்லைக்குள் வரும் அல்-மக்ரூர் பள்ளத்தாக்கில் இப்போது நெருக்கடி அதிகம். 2024 ஆகஸ்டில் இஸ்ரேலிய அரசு நஹால் ஹெலெட்ஸ் என்ற புதிய குடியேற்றத்துக்கு ஏறக்குறைய 60 ஹெக்டேர் எல்லை வகுத்தது. குஷ் எட்சியோன் குடியேற்றத் தொகுதியையும் எருசலேமையும் இணைப்பது அதன் நோக்கம் என்று அறிவித்தவர்களே சொன்னார்கள். வரைபடத்தில் பார்த்தால், பத்தீருக்கும் பெத்லகேமுக்கும் நடுவில் அது ஆப்பு மாதிரி நுழைகிறது. மேற்குக்கரையின் வேறு மலைகளில் பெருகிவரும், இஸ்ரேலியக் குடியேறிகளின் மந்தைப் புறக்குடியிருப்புகளின் வழியும் எளிதானது. ஒரு பட்டி, ஒரு மந்தை, ஒரு வீடு. ஆடு ஒரு காலையில் மூன்று வயது ஒலிவக் கன்றுகளை மொட்டையாக்கும், ஏறி இறங்கிச் சுவரின் மேல்வரிசைக் கல்லை உருட்டிவிடும். ஆள் போய்க் கேட்க அஞ்சும் இடம் தரிசாகும். பிறகு வான்படம்.

காஸா போர் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு இஸ்ரேலுக்குள் வேலைக்குப் போய்வந்த பாலஸ்தீனர்களில் பெரும்பாலோரின் அனுமதி நின்றது. கட்டட வேலைக்கூலியில் ஓடிய வீடுகளில் ஆண்கள் ஊரோடு இருக்கிறார்கள். கையில் காசு இல்லை, ஆள் இருக்கிறது. இதைப் படிவயலுக்கு நல்ல காலம் என்று எழுதுகிறவர்களை நம்ப வேண்டாம். கம்போஸ்ட், நாற்று, குழாய், ஆலைக்கூலி எல்லாம் காசு. ஆனால் சுவர் எடுத்துக் கட்டுவதற்கு முதல் தேவை ஆளும் கல்லும்தான், இரண்டும் ஊரிலேயே இருக்கின்றன.

2025 மே மாதம் இஸ்ரேலிய அமைச்சரவை சி பகுதியில் நில உரிமைப் பதிவை மீண்டும் தொடங்க முடிவெடுத்தது. 1968இல் நின்ற வேலை வேறொரு கையில் மறுபடி தொடங்குகிறது. பதிவு நடக்கும்போது உரிமை கோருகிறவர் ஆதாரம் காட்ட வேண்டும், காட்டாத துண்டு அரசுக்குப் போகும். பேரன்மார் மூன்று நாடுகளில் சிதறியிருக்க, பத்திரம் கொள்ளுத்தாத்தா பெயரில், எல்லையாக ‘கிழக்கே இன்னார் அத்திமரம்’ என்று எழுதியிருக்கும் ஊரில் இது லேசான காரியம் இல்லை. சட்டம் தெரிந்தவர்கள் மேற்குக்கரை விவசாயிகளுக்குச் சொல்லும் யோசனை சுருக்கமானது: வாரிசுச் சான்றுகளை ஒன்றுசேருங்கள், பழைய வரி ரசீதுகளைப் படியெடுத்து வையுங்கள், ஒவ்வொரு துண்டையும் தேதியோடு படம் பிடியுங்கள், குளிர்கால உழவை எந்தப் படியிலும் விட்டுவிடாதீர்கள்.